கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங்: எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது, எந்த வரிசையில் கேட்பது

இசைத்தட்டுக் கடையிலோ ஸ்ட்ரீமிங் செயலியிலோ இந்த ராக் குழுவைத் தேடினால் முதலில் பெயர்தான் குழப்பும். ஒரு உறையில் மூன்று பெயர் இருக்கும், இன்னொன்றில் நான்கு, வேறொன்றில் இரண்டே இரண்டு. நால்வரும் சேர்ந்து ஸ்டுடியோவில் செய்து முடித்த ஆல்பங்கள் மூன்றுதான்: 1970, 1988, 1999. யங் இல்லாமல் மூவர் செய்தவை ஐந்து: 1969, 1977, 1982, 1990, 1994. இத்தனை பேரும் புகழும் உள்ள ஒரு குழுவுக்கு இது ரொம்பச் சின்னக் கணக்கு.

இந்த எட்டையும் வருட வரிசையில் கேட்டால், முதல் இரண்டு அற்புதம், மற்றதெல்லாம் சரிவு என்றுதான் தோன்றும். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1970-களில் இவர்கள் எழுதிய மிக நல்ல பாட்டுகள் தனி ஆல்பங்களிலும், இருவர் ஆல்பங்களிலும், பல வருடம் கழித்து வந்த பெட்டித் தொகுப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன. உறையில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல், அந்தக் குரல்கள் எங்கெங்கே சேர்கின்றன என்று பின்தொடர்ந்து போனால்தான் இவர்களின் முழு உருவம் தெரியும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில் போகிறது. அவசரப்படாமல், ஒரு படிக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டால் நன்றாக ஊறும்.

தொடங்கும் முன்: யார் எங்கிருந்து வந்தார்கள்

டேவிட் கிராஸ்பி, தி பேர்ட்ஸ் குழுவில் இருந்தவர். 1967-இல் அவர்கள் அவரை வெளியேற்றினார்கள். ஸ்டீபன் ஸ்டில்ஸும் நீல் யங்கும் பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டில் ஒன்றாக வாசித்தவர்கள். அது 1968 மே மாதம் கலைந்தது. கிரஹாம் நாஷ் இங்கிலாந்துக்காரர், ஹாலீஸ் குழுவின் பாடகர். 1968-இல் லாஸ் ஏஞ்சலிஸின் லாரல் கேன்யன் பகுதியில் ஒரு வீட்டில் கிராஸ்பியும் ஸ்டில்ஸும் 'யூ டோன்ட் ஹேவ் டு க்ரை' என்ற பாட்டைப் பாடிக் காட்டினார்கள். நாஷ் இன்னொரு முறை பாடச் சொன்னார், மறுபடியும் பாடச் சொன்னார், மூன்றாவது முறை மேல்குரலில் தானும் சேர்ந்துகொண்டார். அது பாடகி ஜோனி மிட்செல் வீடா, பாடகி கேஸ் எலியட் வீடா என்பதில் அவர்களுக்குள்ளேயே கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அந்தப் பாட்டு முதல் ஆல்பத்தில் இருக்கிறது. மூன்று நிமிடத்துக்கும் குறைவுதான். கேட்டால், நாஷ் உடனே ஹாலீஸை விட்டு வரத் துணிந்தது ஏன் என்று புரிந்துவிடும்.

நாஷ் அப்போது எபிக் இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தார். அவரை அட்லாண்டிக் நிறுவனத்துக்குக் கொண்டுவர ஒரு பண்டமாற்றே நடந்தது: பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டின் ரிச்சி ஃபியூரே தன் புதுக் குழுவான போகோவோடு எபிக்குக்குப் போனார், நாஷ் இங்கே வந்தார். ஒரு குழுவில் மாட்டிக்கொண்டு பட்ட அனுபவம் மூவருக்குமே இருந்ததால், புதுக் குழுவுக்குத் தங்கள் சொந்தப் பெயர்களையே வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் தனியாகப் போய்ப் பாடலாம், திரும்பியும் வரலாம். பின்னால் வந்த சிதறலுக்கும், அதே சிதறலிலிருந்து கிடைத்த நல்ல ஆல்பங்களுக்கும் காரணம் இந்த ஒரு முடிவுதான்.

படி 1: 1969-இன் முதல் ஆல்பம்

'கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ்' 1969 மே மாதம் வந்தது. ஹாலிவுட்டில் வாலி ஹைடர் ஸ்டுடியோவில் பதிவு, ஒலிப்பதிவாளர் பில் ஹால்வர்சன். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். முதல் தடவை முழு ஆல்பத்தையும் நிறுத்தாமல் ஓடவிடுங்கள், அவ்வளவுதான். இரண்டாம் தடவை ஒரு பயிற்சி: 'ஹெல்ப்லெஸ்லி ஹோப்பிங்' பாட்டை மூன்று முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு போங்கள். மேலே மெலிந்து நிற்பது நாஷ், எளிதாகப் பிடிபடும். கீழே, கொஞ்சம் கரகரப்போடு ஸ்டில்ஸ். இரண்டுக்கும் நடுவில் கிராஸ்பி. அவரைப் பிடிப்பதுதான் கஷ்டம். நடுக்குரல் வெளியே தெரியாது. ஆனால் அதை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். கிராஸ்பி எந்தச் சுரத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்று காது ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், அதற்குப் பிறகு இந்த நால்வர் சம்பந்தப்பட்ட எந்தத் தட்டையும் பழையபடி கேட்க முடியாது. அந்தப் பாட்டின் வரிகளில் வார்த்தைக்கு வார்த்தை மோனை அடுக்கியிருப்பதையும் அப்போது கவனிக்கலாம்.

கருவிகளில் பெரும்பாலானவை ஸ்டில்ஸ் ஒருவரின் கைவேலை. பேஸ், ஆர்கன், லீட் கிட்டார் எல்லாம் அவரே. டிரம்ஸ் டல்லஸ் டெய்லர். தொடக்கப் பாட்டான 'ஸ்வீட்: ஜூடி ப்ளூ ஐஸ்' ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும், பாடகி ஜூடி காலின்ஸோடு இருந்த உறவு முடியும் நேரத்தில் ஸ்டில்ஸ் எழுதியது. பல துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய பாட்டு, கடைசித் துண்டு ஸ்பானிய மொழிக்குத் தாவிவிடும். ஸ்டில்ஸ் இதற்குக் கிட்டாரின் ஆறு தந்திகளில் ஐந்தை 'ஈ' சுரத்திலும் ஒன்றை மட்டும் 'பி' சுரத்திலும் கூட்டியிருக்கிறார். அடியில் ஓயாமல் ஒலிக்கும் அந்த ரீங்காரம் அதிலிருந்துதான் வருகிறது. கிட்டார் வைத்திருப்பவர்கள் அப்படிக் கூட்டி ஒருமுறை மீட்டிப் பார்க்கலாம்.

'குவினெவிர்' வேறு உலகம். கிராஸ்பியின் பாட்டு, அவரும் நாஷும் மட்டும் பாடுகிறார்கள். தாளம் மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் எங்கே மாறியது என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். ரவி சங்கரின் சிதாரிலும் ஜாஸிலும் ஊறிய மனிதர் எழுதியது என்பது அந்தக் கிட்டார் வாசிப்பிலேயே தெரிகிறது. இந்த ஆல்பத்தில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

'வுடன் ஷிப்ஸ்' கிராஸ்பியின் பாய்மரக் கப்பலில் வைத்து அவரும் ஸ்டில்ஸும் ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் குழுவின் பால் கான்ட்னரும் சேர்ந்து எழுதியது. அணுப்போருக்குப் பின் மிஞ்சியவர்களின் கதை. ஜெஃபர்சன் ஏர்ப்ளேனும் அதே வருடம் இதைப் பதிவு செய்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். 'லாங் டைம் கான்', 1968 ஜூனில் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது கிராஸ்பி எழுதியது. நாஷின் 'மாராகேஷ் எக்ஸ்பிரஸ்' ஒரு மொராக்கோ ரயில் பயணத்தில் பிறந்த பாட்டு. ஹாலீஸ் குழுவினர் வேண்டாம் என்று ஒதுக்கியது.

உறையைப் பற்றி ஒரு விஷயம். ஹென்றி டில்ட்ஸ் எடுத்த படம் அது: ஆளில்லாத ஒரு வீட்டின் முன் பழைய சோபாவில் மூவர். இடமிருந்து வலமாக நாஷ், ஸ்டில்ஸ், கிராஸ்பி என்று உட்கார்ந்திருக்கிறார்கள், குழுவின் பெயருக்கு நேர் தலைகீழ். பெயரின் வரிசை முடிவான பிறகு மறுபடி எடுக்கப் போனபோது அந்த வீட்டையே இடித்துவிட்டிருந்தார்கள்.

படி 2: தேஜா வூ, 1970

மேடையில் ஸ்டில்ஸ் ஒருவரே எல்லாக் கருவியையும் வாசிக்க முடியாது. ஆள் தேடினார்கள். அட்லாண்டிக் நிறுவனர்களில் ஒருவரான அகமது எர்டெகன் நீல் யங்கின் பெயரைச் சொன்னார். யங் தன் பெயரும் உறையில் வரவேண்டும் என்று கேட்டு, நான்காவது ஆளாக வந்தார். 1969 ஆகஸ்ட் 16 சிகாகோவில் முதல் கச்சேரி. இரண்டாவதே வுட்ஸ்டாக் என்ற பெரும் திறந்தவெளி இசைவிழா, விடிவதற்கு முன். யங் தன்னைப் படம் பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் வுட்ஸ்டாக் திரைப்படத்தில் அவரைப் பார்க்க முடியாது.

'தேஜா வூ' 1970 மார்ச்சில் வந்து அமெரிக்காவின் பில்போர்ட் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் மட்டும் 70 லட்சம் பிரதிகளுக்கான சான்றிதழ் பெற்றது. அதைவிட முக்கியமான விஷயம், இது எப்படிச் செய்யப்பட்டது என்பது. முதல் ஆல்பம் நட்பில் விளைந்தது. இது அவர்களில் மூவர் துயரத்தில் இருந்த நாட்களில் விளைந்தது. 1969 செப்டம்பர் கடைசியில் கிராஸ்பியின் காதலி கிறிஸ்டின் ஹிண்டன் கார் விபத்தில் இறந்துபோனார். ஸ்டில்ஸ் ஜூடி காலின்ஸை இழந்திருந்தார். நாஷும் ஜோனி மிட்செலும் பிரியும் கட்டத்தில் இருந்தார்கள். ஸ்டுடியோவில் ஏறக்குறைய 800 மணிநேரம் போனதாக ஸ்டில்ஸ் சொன்னார். நால்வரும் ஒரே அறையில் நின்று வாசித்தது சில பாட்டுகளுக்குத்தான். மற்றவற்றை ஒவ்வொருவரும் தன் பாட்டைத் தானே கட்டி, மற்றவர்களைக் குரலுக்கு மட்டும் அழைத்தார்கள்.

ஆகவே இந்த ஆல்பத்தைக் கேட்கும்போது கேட்க வேண்டிய கேள்வி: இந்தப் பாட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை? 'டீச் யுவர் சில்ட்ரன்', 'அவர் ஹவுஸ்' இரண்டிலும் யங் இல்லை. '4+20' ஸ்டில்ஸும் ஒரு கிட்டாரும் மட்டும். 'ஆல்மோஸ்ட் கட் மை ஹேர்' எல்லாரும் ஒன்றாக நின்று வாசித்தது. ஸ்டில்ஸின் கிட்டாரும் யங்கின் கிட்டாரும் ஒன்றையொன்று சீண்டுவதைக் காதால் பார்க்கலாம். இந்தப் பாட்டில் கிராஸ்பியின் குரல் கிட்டத்தட்ட உடைந்துபோகிறது. அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார்கள். சரியான முடிவு.

'கேரி ஆன்' ஆல்பத்துக்குத் தொடக்கப் பாட்டு இல்லை என்று நாஷ் சொன்ன பிறகு ஸ்டில்ஸ் அவசரமாக உருவாக்கியது. பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் நாளில் எழுதிய 'குவெஸ்சன்ஸ்' என்ற தன் பழைய பாட்டை அதன் பின்பாதியில் கோத்துவிட்டார். நடுவில் கருவிகள் எல்லாம் நின்று குரல்கள் மட்டும் வரும் இடம் இருக்கிறதே, அந்த வாசலில்தான் இரண்டு பாட்டும் ஒட்டுகின்றன. 'டீச் யுவர் சில்ட்ரன்' பாட்டில் பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிப்பது கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஜெர்ரி கார்சியா. 'வுட்ஸ்டாக்' ஜோனி மிட்செலின் பாட்டு. அவர் அந்த விழாவுக்குப் போகவே இல்லை. அவருடைய சொந்தப் பதிவு மெதுவானது, துக்கம் கலந்தது. இவர்கள் அதை ராக் பாட்டாக மாற்றினார்கள். எனக்கு ஜோனியின் பதிவுதான் மேல். 'அவர் ஹவுஸ்' நாஷும் ஜோனியும் சேர்ந்து வாழ்ந்த வீட்டைப் பற்றியது. நாஷின் பாட்டுகளை இனிப்பு அதிகம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. இந்த ஆல்பத்தில் அந்த இனிப்பு தேவைப்படுகிறது. பக்கத்திலேயே யங்கின் 'ஹெல்ப்லெஸ்' இருக்கும்போது வேறு எது தாங்கும்?

உறையில் பொன் எழுத்தில் டல்லஸ் டெய்லர், பேஸ் வாசித்த கிரெக் ரீவ்ஸ் இருவரின் பெயரும் இருப்பதைப் பாருங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துப் புகைப்படம் போல எடுத்த படத்தைத் தோல் போன்ற அட்டையில் ஒட்டியிருப்பார்கள். பழைய எல்.பி. கிடைத்தால் விரலால் தடவிப் பார்க்கத் தோன்றும்.

படி 3: ஒரே ஒரு சிங்கிள்

பக்கத்துக்கு ஒரு பாட்டு வைத்த சின்னத் தட்டுதான் சிங்கிள். இந்தப் படிக்கு ஆறு நிமிடம் போதும், ஆனால் தாண்டிப் போகக் கூடாது. 1970 மே 4 அன்று ஓஹியோ மாநிலம் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், கம்போடியாவுக்குள் போர் விரிந்ததை எதிர்த்த மாணவர்கள் மீது நேஷனல் கார்ட் படையினர் சுட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள், ஒன்பது பேர் காயப்பட்டார்கள். லைஃப் பத்திரிகையில் வந்த படங்களைப் பார்த்து யங் 'ஓஹியோ' எழுதினார். மே 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ரெக்கார்ட் பிளான்ட்டில் நால்வரும் ஒன்றாக நின்று வாசித்துப் பதிவு செய்தார்கள். ஜூனில் கடைக்கு வந்துவிட்டது. அதிபர் நிக்சனின் பெயரையே பாட்டில் வைத்ததால் சில வானொலிகள் ஒலிபரப்ப மறுத்தன. அந்த நேரத்தில் அவர்களுடைய 'டீச் யுவர் சில்ட்ரன்' பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தது. சொந்தப் பாட்டுக்கே போட்டியாக இன்னொன்றை இறக்குகிறோம் என்று தெரிந்தேதான் வெளியிட்டார்கள். பாட்டு முடியும் இடத்தில் கிராஸ்பி கத்துவதைக் கேளுங்கள், அது ஒத்திகை பார்த்துப் பாடியது இல்லை.

மறுபக்கம் 'ஃபைண்ட் த காஸ்ட் ஆஃப் ஃப்ரீடம்'. ஸ்டில்ஸின் பாட்டு. இரண்டு நிமிடம்கூட இல்லை, கடைசியில் கருவிகள் நின்று நான்கு குரல்கள் மட்டும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். ஸ்டுடியோ வடிவத்தில் இவை முதன்முதலில் எல்.பி.யில் சேர்ந்தது 1974-இல் வந்த 'ஸோ ஃபார்' தொகுப்பில். ஜோனி மிட்செல் வரைந்த உறை. ஆனால் இரண்டே ஆல்பத்திலிருந்து பாட்டு பொறுக்கிய தொகுப்பு அது. படி 1, 2 முடித்தவர்களுக்கு இந்த இரண்டு பாட்டைத் தவிர அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

படி 4: 4 வே ஸ்ட்ரீட்

1970 கோடையில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட், லாஸ் ஏஞ்சலிஸ் ஃபோரம், சிகாகோ ஆகிய இடங்களில் பதிவான இரட்டைத் தட்டு. வந்தது 1971 ஏப்ரல். அப்போது குழுவே கலைந்திருந்தது. அப்படியிருந்தும் முதலிடம். முதல் தட்டு அகூஸ்டிக், அதாவது மின்கிட்டார் இல்லாதது. இரண்டாவது எலெக்ட்ரிக். குரல்கள் சில இடங்களில் சுருதி விலகுகின்றன. முதல் ஆல்பத்தின் வழுவழுப்பைக் கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். எனக்கு அதுவே பிடிக்கும்: நால்வரும் ஒருவர் மேல் ஒருவர் எவ்வளவு கோபத்தில் இருந்தார்கள் என்பதை 'சதர்ன் மேன்', 'கேரி ஆன்' பாட்டுகளின் நீண்ட கிட்டார் சண்டைகள் மறைக்காமல் சொல்கின்றன. பேர்ட்ஸ் குழு வெளியிட மறுத்த கிராஸ்பியின் 'ட்ரையட்' இங்கே இருக்கிறது. 1992-இல் வந்த சி.டி. பதிப்பில் கூடுதல் பாட்டுகள் உண்டு, அதையே தேடுங்கள்.

படி 5: நான்கு தனித் தட்டுகள்

இங்கேதான் பலர் பாதை மாறிவிடுகிறார்கள். 1970 செப்டம்பரிலிருந்து 1971 மே வரை நால்வரும் ஆளுக்கொரு ஆல்பம் வெளியிட்டார்கள். நான்கும் அமெரிக்கப் பட்டியலில் முதல் 15 இடங்களுக்குள் வந்தன. யங்கின் 'ஆஃப்டர் த கோல்ட் ரஷ்', ஸ்டில்ஸின் 'ஸ்டீபன் ஸ்டில்ஸ்', கிராஸ்பியின் 'இஃப் ஐ குட் ஒன்லி ரிமெம்பர் மை நேம்', நாஷின் 'சாங்ஸ் ஃபார் பிகினர்ஸ்'. நான்கையும் ஒரே குழுவின் நான்கு பக்கங்களாக எண்ணிக் கேளுங்கள். ஒருவர் தட்டில் இன்னொருவர் நுழைந்துகொண்டே இருப்பார். ஸ்டில்ஸின் 'லவ் த ஒன் யூ ஆர் வித்' பாட்டில் பின்குரல் கொடுப்பவர்களில் கிராஸ்பியும் நாஷும் உண்டு. நாஷின் ஆல்பத்தில் ஜோ யாங்கி என்ற பெயரில் பியானோ வாசிப்பவர் நீல் யங். ஸ்டில்ஸின் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் இன்னொன்றுக்கு எரிக் கிளாப்டனும் கிட்டார் வாசிக்கிறார்கள். அது வெளிவரும்போது ஹெண்ட்ரிக்ஸ் உயிரோடு இல்லை.

நான்கில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் கிராஸ்பியுடையதை எடுங்கள். கிறிஸ்டின் இறந்த பிறகு சான் பிரான்சிஸ்கோ ஸ்டுடியோவே கதி என்று கிடந்தார் அவர். கிரேட்ஃபுல் டெட், ஜெஃபர்சன் ஏர்ப்ளேன், சான்டானா குழுக்களின் ஆட்கள் இரவில் வந்து கூட வாசித்தார்கள். பல பாட்டுகளில் வார்த்தையே இல்லை, குரல் மேல் குரலாக அடுக்கியது மட்டும். கடைசிப் பாட்டு முழுக்க அவர் ஒருவரின் குரல்களே. வந்த காலத்தில் விமர்சகர்கள் சிலர் இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளினார்கள். இன்று இளம் பாடகர்கள் தேடிப் படிக்கும் பாடம் இது.

கையோடு யங்கின் 1972 'ஹார்வெஸ்ட்' ஆல்பத்தில் 'அலபாமா', 'வேர்ட்ஸ்' இரண்டையும் கேட்டுவிடுங்கள். முதலாவதில் பின்னால் கிராஸ்பியும் ஸ்டில்ஸும், இரண்டாவதில் ஸ்டில்ஸும் நாஷும். படி 1-இல் செய்த பயிற்சி இங்கே பலன் தரும்.

படி 6: வராமல் போன ஆல்பத்தை நீங்களே கட்டுங்கள்

எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது. 1973-இல் நால்வரும் ஹவாயில் கூடி, 'ஹியூமன் ஹைவே' என்ற பெயரில் அடுத்த ஆல்பத்தைத் தொடங்கினார்கள். உறைக்குப் படம்கூட எடுத்தாயிற்று. நடக்கவில்லை. 1974-இல் பில் கிரஹாம் ஏற்பாட்டில் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஸ்டேடியம் ஸ்டேடியமாகச் சுற்றினார்கள். அதன் பிறகு மறுபடி ஸ்டுடியோ, மறுபடி சண்டை. 1976-இல் யங்கும் ஸ்டில்ஸும் மயாமியில் செய்துகொண்டிருந்த ஆல்பத்தில் கிராஸ்பியும் நாஷும் வந்து பாடினார்கள். தங்கள் ஆல்பத்தை முடிக்க அவர்கள் கிளம்பிப் போனதும், பாடிய குரல்களை அழித்துவிட்டு ஸ்டில்ஸ்-யங் பேண்ட் என்ற பெயரில் 'லாங் மே யூ ரன்' வெளியானது. அந்தச் சுற்றுப்பயணத்திலும் யங் பாதியில் ஒரு தந்தி அடித்துவிட்டு விலகிப்போனார்.

ஆனால் பாட்டுகள் எங்கேயும் போய்விடவில்லை. ஒரு பிளேலிஸ்ட் தொடங்குங்கள். முதலில் 'ஹியூமன் ஹைவே', யங்கின் 1978 ஆல்பமான 'கம்ஸ் எ டைம்' தட்டிலிருந்து. அடுத்து கிராஸ்பி-நாஷின் 1975 ஆல்பமான 'விண்ட் ஆன் த வாட்டர்' தட்டிலிருந்து 'கேரி மீ', தாயை நினைத்து கிராஸ்பி எழுதியது. நாஷின் 'வைல்ட் டேல்ஸ்' ஆல்பத்திலிருந்து 'பிரிசன் சாங்', 'அண்ட் ஸோ இட் கோஸ்'. 1991-இல் வந்த நான்கு சி.டி. பெட்டித் தொகுப்பில் 'சீ த சேஞ்சஸ்', 'ஹோம்வர்ட் த்ரூ த ஹேஸ்', 'டேக்கன் அட் ஆல்' மூன்றுக்கும் நால்வரும் சேர்ந்து செய்த பதிவுகள் இருக்கின்றன. அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 'லாங் மே யூ ரன்' பாட்டை அந்த ஆல்பத்திலிருந்து எடுக்காதீர்கள். 1977-இல் யங் வெளியிட்ட 'டெகேட்' தொகுப்பில் அழிக்கப்பட்ட குரல்கள் திரும்பி வந்த வடிவம் உண்டு. பிறகு '74 மேடையிலிருந்து 'புஷ்ட் இட் ஓவர் தி எண்ட்'. கடைசியாக யங்கின் 1975 'ஜூமா' ஆல்பத்தை முடிக்கும் 'த்ரூ மை செயில்ஸ்'. உறையில் யங்கின் பெயர்தான், பாடுவது நால்வர்.

எல்லாம் சேர்ந்து ஒரு எல்.பி. நீளத்துக்கு வரும். என் காதுக்கு இது 'தேஜா வூ'வுக்குச் சமமாக நிற்கிறது. வரிசையை மாற்றிப் பாருங்கள். நாஷின் பாட்டுகளுக்கு நடுவில் யங்கை வைத்தால் ஒருவிதம், தள்ளி வைத்தால் இன்னொரு விதம்.

இந்தப் படியிலேயே 'விண்ட் ஆன் த வாட்டர்' முழுவதையும் கேட்டுவிடலாம். கருவி வாசித்தவர்களில் டேவிட் லிண்ட்லி, டேனி கோர்ட்ச்மர், ரஸ் கங்கல் எல்லாரும் அடக்கம். கடைசியில் வார்த்தையில்லாக் குரல்களாகத் தொடங்கி, வேட்டையாடப்படும் திமிங்கிலங்களுக்கான பாட்டாக மாறும் பகுதி, அந்த இருவர் சேர்ந்து செய்ததிலேயே உச்சம்.

படி 7: 1977, 1982

மூவர் மறுபடி கூடிய 'சிஎஸ்என்' 1977-இல் வந்தது, அவர்கள் பெயர்களின் முதல் ஆங்கில எழுத்துகளே தலைப்பு. உறையில் படகில் உட்கார்ந்திருப்பார்கள். பட்டியலில் இரண்டாமிடம் வரை போனது, முதலிடத்தை ஃப்ளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்' விட்டுத்தரவில்லை. நாஷின் 'ஜஸ்ட் எ சாங் பிஃபோர் ஐ கோ' ஏழாமிடம் பிடித்தது, இவர்களின் எந்தச் சிங்கிளும் அதைவிட மேலே போனதில்லை. 'ஷேடோ கேப்டன்', 'கதீட்ரல்' இரண்டுக்காகவே வாங்கலாம்.

1982-இன் 'டேலைட் அகெய்ன்' ஸ்டில்ஸ்-நாஷ் ஆல்பமாகத் தொடங்கியது. கிராஸ்பி போதைப் பழக்கத்தில் மூழ்கியிருந்த காலம். அவர் பாட வேண்டிய இடங்களில் ஈகிள்ஸின் டிமோத்தி பி. ஷ்மிட், ஆர்ட் கார்ஃபங்கல் போன்றவர்கள் பாடியிருக்கிறார்கள். கிராஸ்பி கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டார். அதனால் இந்த ஆல்பத்தில் நடுக்குரலைத் தேடினால் பல இடங்களில் வேறு ஆள் கிடைப்பார். கர்டிஸ் சகோதரர்களின் ஒரு பாட்டை ஸ்டில்ஸ் மாற்றி எழுதிய 'சதர்ன் கிராஸ்', கிராஸ்பியின் 'டெல்டா' இரண்டையும் எடுத்துக்கொண்டு நகரலாம்.

படி 8: மிச்சம்

சுருக்கமாக. கிராஸ்பி சிறைக்குப் போய் 1986-இல் வெளியே வந்தார். போதையை விட்டால் மறுபடி சேர்ந்து ஆல்பம் செய்வேன் என்று யங் வாக்குக் கொடுத்திருந்தார், நிறைவேற்றினார். அதுதான் 1988-இன் 'அமெரிக்கன் ட்ரீம்'. வாக்கு பெரிது, ஆல்பம் அவ்வளவு இல்லை. எண்பதுகளின் பளபளப்பு மிக்ஸிங் பாட்டுகளை அமுக்கிவிட்டது. சிறையில் கிராஸ்பி எழுதிய 'காம்பஸ்' மட்டும் எழுந்து நிற்கிறது. 1990-இன் 'லிவ் இட் அப்', 1994-இன் 'ஆஃப்டர் த ஸ்டார்ம்' இரண்டையும் எல்லாம் கேட்டு முடித்த பிறகு ஆர்வமிருந்தால் பாருங்கள். 1999-இன் 'லுக்கிங் ஃபார்வர்ட்' மூவர் ஆல்பமாகத் தொடங்கி, யங் தன் பாட்டுகளோடு வந்து சேர்ந்தது. அவருடைய 'ஸ்லோபோக்', கிராஸ்பியின் 'ட்ரீம் ஃபார் ஹிம்' இரண்டும் நல்லவை. இந்த வருடங்களில் உண்மையான கண்டுபிடிப்பு 2004-இன் இரட்டைத் தட்டான 'கிராஸ்பி அண்ட் நாஷ்'. கிராஸ்பியின் மகன் ஜேம்ஸ் ரேமண்ட் எழுதிய 'லே மீ டவுன்' அதில் இருக்கிறது.

படி 9: பிறகு திறந்த பெட்டிகள்

1974 சுற்றுப்பயணத்தை நாற்பது வருடம் யாரும் முறையாக வெளியிடவில்லை. 2014-இல் நாஷும் புகைப்படக்காரர் ஜோயல் பெர்ன்ஸ்டீனும் சேர்ந்து 40 பாட்டுகளோடு 'சிஎஸ்என்ஒய் 1974' தொகுப்பை முடித்தார்கள். கச்சேரியின் வடிவத்திலேயே எலெக்ட்ரிக், அகூஸ்டிக், மறுபடி எலெக்ட்ரிக் என்று மூன்று தட்டு. யங் அந்தக் கோடையில் எவ்வளவு வேகமாக எழுதிக்கொண்டிருந்தார் என்பது இதைக் கேட்டால்தான் தெரியும். முழு தொகுப்பையே வாங்குங்கள், சுருக்கப் பதிப்பு வேண்டாம்.

2021-இல் 'தேஜா வூ'வின் ஐம்பதாண்டுப் பதிப்பு 38 கூடுதல் பதிவுகளோடு வந்தது. 'அவர் ஹவுஸ்' பாட்டை நாஷும் ஜோனி மிட்செலும் சேர்ந்து பாடிப்பார்க்கும் பதிவு அதில் உண்டு. கிராஸ்பி 2023 ஜனவரியில், 81 வயதில் காலமானார். அடுத்த வருடம், 2024 அக்டோபரில், 'லைவ் அட் ஃபில்மோர் ஈஸ்ட், 1969' வந்தது: வுட்ஸ்டாக்குக்கு ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 20 அன்று பதிவானது. யங்கோடு மேடையேறத் தொடங்கிச் சில வாரங்களே ஆன குழு, சண்டைகள் இன்னும் தொடங்கவில்லை. வரிசையில் இதைப் படி 2-க்கும் 3-க்கும் நடுவில் செருகிக்கொள்ளுங்கள். '4 வே ஸ்ட்ரீட்' கேட்கும்போது ஒரு வருடத்தில் என்ன மாறியது என்று நேராகவே கேட்கும்.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். 1970-இன் வுட்ஸ்டாக் திரைப்பட ஆல்பத்தில் இவர்கள் பெயரில் இருக்கும் 'ஸீ ஆஃப் மேட்னஸ்' வுட்ஸ்டாக்கில் பதிவானது இல்லை, ஃபில்மோர் ஈஸ்டில் பதிவானது. வுட்ஸ்டாக் பிளேலிஸ்ட் போடுகிறவர்கள் அதைச் சேர்க்க வேண்டாம்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்கிறவர்களுக்கு: 2022-இல் யங் ஸ்பாட்டிஃபையிலிருந்து தன் பாட்டுகளை எடுத்துவிட்டார், மற்ற மூவரும் கூடவே எடுத்தார்கள். மூவரின் பாட்டுகள் அதே வருடம் திரும்பின, யங்கினுடையவை 2024-இல். அந்த இடைவெளியில் போட்ட பழைய பிளேலிஸ்ட் ஏதாவது வைத்திருந்தால், படி 5, 6 பாட்டுகளில் யங்கினுடையவை விடுபட்டிருக்கலாம். ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.